கோர்வையும் காதும்

அப்பாவின் தறிக்குழி விளிம்பில் ஒரு வட்டக் கறை இருக்கிறது. முப்பது வருஷமாக ஒரே இடத்தில் எவர்சில்வர் டம்ளரை வைத்து எடுத்ததில் விழுந்த டீக்கறை. காலை ஆறு மணிக்கு அவர் தறியில் இறங்குவார். ஏழரைக்கு அம்மா டீயைக் கொண்டுவந்து அந்த வட்டத்தில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். கரையில் ஓர் அன்னம் பாதி உடம்போடு நிற்கும்போது அப்பா கையை எடுக்க மாட்டார். அன்னம் முழுசாக வேண்டும், பலகையை ஒருமுறை அழுத்தி அடிக்க வேண்டும், அப்புறம்தான் திரும்புவார். அதற்குள் டீ ஆறி ஆடை கட்டியிருக்கும். ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரை அதே வட்டத்தில் வைப்பார். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடுகிற வீடுகளில் டீயைச் சூடாகக் குடித்த ஆள் குறைவு.

நான் உருப்படியாக வனைந்த முதல் கோப்பை அந்த டீக்காகத்தான். அது எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தறியே சொல்லிவிட்டது. அடி அகலமாக இருக்க வேண்டும், முழங்கை பட்டாலும் சாயக்கூடாது. ஒரு சொட்டு சிந்தினாலும் இரண்டு வாரத்து வேலையும் ஜரிகையும் போச்சு. சுவர் கொஞ்சம் தடிப்பாக இருக்க வேண்டும், அன்னம் முடியும்வரை சூடு நிற்க வேண்டும். வாய்விளிம்பு வழுவழுப்பாக, கடைசிச் சொட்டு வெளிச்சுவரில் வழியாதபடி உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், பிடித்துத் தூக்க ஒரு காது வேண்டும். நெசவாளிக்கு விரல்நுனிதான் கண். பாவில் ஓர் இழை அறுந்தால் பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை, தடவித்தான் கண்டுபிடிக்கிறார்கள். சுடுகிற கோப்பையைப் பிடித்துப் பிடித்து அந்த நுனியை மரத்துப்போகவிட எனக்கு மனசில்லை.

காதுதான் என்னைப் பதினைந்து வருஷமாக உட்காரவைத்திருக்கிறது.

சின்ன வயதில் என் வேலை கோர்வைக்கு உட்காருவது. காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் ஒரே நாடாவில் ஓடுவதில்லை. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று, ஆக மூன்று. இரண்டை அப்பா பார்த்துக்கொள்வார். மூன்றாவதை, ஓரத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருக்கும் நான் தள்ளிவிட வேண்டும். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கிற இடத்தில் ஒன்றை ஒன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும். அதுதான் கோர்வை. ஒரு ஜாண் ஏறியதும் அப்பா கட்டைவிரல் நகத்தை அந்தச் சேர்மானத்தின் மேல் நீளவாக்கில் ஓட்டுவார். நகம் எங்கும் தட்டாவிட்டால் தலையை ஆட்டுவார். தட்டினால், “பிரி.” அதற்கு மேல் பேச்சில்லை. முந்தி மாறுகிற இடத்தில் பேட்னி என்று இன்னொரு சேர்மானம் உண்டு. அங்கே பழைய பாவும் புதுப் பாவும் இழைக்கு இழை மாற்றிப் பிணைகின்றன. புடவை கிழியலாம், கோர்வை விடக்கூடாது என்பது எங்கள் தெருவின் பேச்சு. துணி எங்கே சேர்கிறதோ அங்கேதான் நெசவாளியின் பெயர் இருக்கிறது என்று அப்பா நம்புகிறார். நானும் அந்த நம்பிக்கையோடுதான் மண்ணுக்கு வந்தேன்.

மண்ணை எனக்குக் காட்டியவர் பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் இருந்த ஒரு பெரியவர். வண்டிச் சக்கரம் அகலத்துக்கு ஒரு கனத்த சக்கரம், நடுவில் ஒரு முளை, ஓரத்தில் கோல் நுழைக்க ஒரு குழி. கோலைக் கொடுத்து நாலு சுற்று வேகமாகச் சுற்றிவிடுவார். அந்த வேகம் தணிவதற்குள் ஒரு கலயம் எழுந்து நிற்கும். பெரிய மண்ணுருண்டையை நடுவில் ஏற்றி, அதன் உச்சியிலிருந்து மட்டும் கொஞ்சம் மண்ணை இழுத்து அகல் செய்வார், நூலால் அறுப்பார், அடுத்த அகல். கார்த்திகைக்கு முன்னால் முற்றம் முழுக்க அகல் காயும், கால் வைக்க இடமிருக்காது.

அவர் வீட்டில் பெண்கள் சக்கரத்தைத் தொடுகிற வழக்கம் இல்லை. கல் பொறுக்குவது, மண் மிதிப்பது, பானையைக் காயவைப்பது, சந்தைக்குத் தூக்குவது எல்லாம் பெண்கள். சக்கரம் மட்டும் ஆண்கள். நான் மூன்று மாதம் மண்தான் மிதித்தேன். கால்விரல் இடுக்கில் ஒரு கடுகளவு கல் தட்டினாலும் தெரிகிற அளவுக்குக் கால் பழகியது. நாலாவது மாதம் ஒரு சாயங்காலம், “உட்காரும்மா, நீ தறிக்காரர் பொண்ணு. உனக்கு ரெண்டு கையும் தனித்தனியா வேலை செய்யும்” என்றார். வீட்டம்மா ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு என்னால் ஓர் அகல்கூட எடுக்க முடியவில்லை. ஆனால் உருண்டை நடுவுக்கு வந்து, ஆடாமல், சுற்றுவதே தெரியாமல் சுற்றிய ஒரு கணம் இருந்தது. அதற்காகவே மறுநாளும் போனேன். அறுக்கிற நூலுக்கு வீட்டிலிருந்து கழிவுப் பட்டிழையை முறுக்கி எடுத்துப் போனேன். ஈரத்தில் ஊறினாலும் அது தளராது, மண்ணை வெண்ணெய் போல அறுக்கும். பெரியவர் வாங்கி இழுத்துப் பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். நான் இன்றும் பட்டிழையால்தான் அறுக்கிறேன்.

ஆனால் அவருடைய மண்ணில் அப்பாவின் கோப்பை வராது. ஏரிக் களிமண்ணில் இரும்பு அதிகம். வைக்கோல், விறகு, வறட்டி வைத்துச் சுடும் சூளையில் 700, 800 டிகிரிதான் ஏறும். அந்தச் சூட்டில் மண் இறுகும், ஆனால் நுண்துளைகள் அடைபடுவதில்லை. குடிநீர்ப் பானைக்கு அதுதான் உயிர். துளைவழியே கசிகிற நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டை எடுத்துப் போகிறது, தண்ணீர் குளிர்கிறது. பானை வியர்க்க வேண்டும். கோப்பை வியர்க்கக் கூடாது. பாலும் டீயும் துளைக்குள் இறங்கி இரண்டே நாளில் வாடை அடிக்கும்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பாட்டி டம்ளரைக்கூடத் தூக்கித்தான் குடிப்பார், உதட்டில் வைக்க மாட்டார். மண்பாத்திரத்தில் எச்சில் பட்டால் அது போகாது, உடைத்துப் போட்டுவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. நான் அதை வெறும் ஆசாரம் என்று ஒதுக்குவதில்லை. துளையுள்ள மண் உறிஞ்சியதைக் கழுவி எடுக்க முடியாது என்று தெரிந்தவர்களின் கணக்கு அது. உதடு படுகிற மண், அதே உதடு தினமும் படுகிற மண், நம் வீடுகளுக்குப் புதிது. அதற்குத் துளையே இல்லாத மண் வேண்டும்.

அதைத்தான் ஸ்டோன்வேர் என்கிறார்கள். கல்லாகிப்போன மண். தமிழில் இதற்குப் புழங்குகிற ஒரு சொல் இல்லாவிட்டாலும் பொருள் நம் வீட்டில் எப்போதும் இருந்திருக்கிறது. மாவடுவும் உப்பு நாரத்தையும் ஊறுகிற, மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமான அந்த ஜாடிதான். என் அம்மா இதை ‘ஜாடி மண்ணு’ என்று சொல்கிறார், எனக்கு அதுவே போதுமாக இருக்கிறது. 1200 டிகிரிக்கு மேல் போகும்போது மண்ணோடு கலந்த ஃபெல்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகித் துளைகளை அடைக்கிறது. மண்ணுக்குள்ளேயே முல்லைட் என்னும் ஊசிப் படிகங்கள் வளர்ந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. அதற்குப் பிறகு அந்தக் கலத்தைத் தட்டினால் மணிச்சத்தம் கேட்கும்.

சீனாவில் இந்த வித்தை மிகப் பழையது. யுவான் சுவாங் 7ஆம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்தபோது அவர் நாட்டில் பச்சை மெருகிட்ட கற்கலங்கள் பல நூற்றாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தன. பின்னாளில் அவை கப்பலேறி நம் கரைக்கும் வந்தன. ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்து அகழாய்வில் 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனக் கலங்களின் உடைசல்கள் கிடைத்தன. கலம் வந்தது, சூளை வரவில்லை. நம் குயவர்களுக்குக் கைத்திறன் போதவில்லை என்று ஒரு நாளும் சொல்ல மாட்டேன். தண்ணீரைக் குளிரவைக்கிற பானைதான் இந்த வெயிலுக்குத் தேவைப்பட்டது, விறகைக் கொட்டிக் கல்லாக்குகிற பானை தேவைப்படவில்லை என்பது என் எண்ணம்.

கையால் வனைகிற ஸ்டோன்வேர் எங்கள் பக்கம் வேர்விட்டது மிகச் சமீபத்தில். 1971இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே கற்றவர்கள், அவர்களிடம் கற்றவர்கள் என்று இன்று புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் பட்டறைகள் நிறைய. ரே மீக்கர் ஒரு படி மேலே போய், பச்சை மண்ணால் வீட்டைக் கட்டி, உள்ளே செங்கல்லை அடுக்கி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டவர். அந்தப் பக்கத்துப் பட்டறை ஒன்றில்தான் நான் இரண்டு வருஷம் இருந்தேன். காஞ்சிபுரத்திலிருந்து பஸ் மாறிப் போவேன், வாரக் கடைசியில் புடவை மடிக்க வீட்டுக்கு வந்துவிடுவேன்.

அங்கே நான் செய்த முதல் தப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. பெரியவரின் ஏரி மண் மேல் எனக்கு இருந்த பிடிப்பு அப்படி. யாரிடமும் கேட்காமல் அந்த மண்ணில் ஆறு கோப்பை வனைந்து மற்றவற்றோடு சூளையில் வைத்துவிட்டேன். 1280 டிகிரி. இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது ஆறு கோப்பையும் இல்லை. தட்டின் மேல் கறுப்பாக, பளபளவென்று, காய்ச்சிய வெல்லப்பாகு கொட்டியது போல ஒரு குட்டை. இரும்பு மண்ணைச் சீக்கிரம் உருக்கிவிடும் என்று அன்று கண்ணால் கற்றேன். விலையுயர்ந்த சூளைத்தட்டு ஒன்று போனது. உளியால் கொத்தி எடுத்த துண்டுகளில் ஒன்றை மட்டும் கர்ச்சீப்பில் முடிந்துகொண்டு வந்தேன். அந்தக் கறுப்பு அவ்வளவு அழகாக இருந்தது.

ஸ்டோன்வேருக்கான மண் ஒரே குழியில் கிடைப்பதில்லை, கூட்டிச் சேர்க்க வேண்டும். சூட்டைத் தாங்கும் ஃபயர் க்ளேயும் இழுத்தால் வருகிற பால் க்ளேயும் நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேல் கிடக்கிற அடுக்குகளில் உண்டு. சைனா க்ளே கேரளத்திலிருந்து வரும். ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் சேலம், கரூர்ப் பக்கத்துப் பாறை. கூட்டியதை ஈரத்தோடு மூட்டை கட்டி மாதக்கணக்கில் வைத்தால் புளித்து இழுவை கூடும். வாடையும் கூடும், வீட்டில் யாருக்கும் பிடிக்காது.

இந்த மண்ணில் பெரியவரின் முறையிலேயே பெரிய உருண்டையிலிருந்து கோப்பைகளை எடுத்தேன். சுவர் நன்றாக வந்தது. காய்ந்தபோது பலவற்றின் அடியில் புழு நெளிந்தது போல ஒரு விரிசல். பத்தில் ஏழு போயின. புத்தகத்தில் தேடினேன், மண்ணை மாற்றினேன், காய்கிற வேகத்தைக் குறைத்தேன். கடைசியில் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு பாலாற்றங்கரைக்குப் போனேன். பெரியவர் அதைத் திருப்பி அடியைப் பார்த்தார். “சுவத்த இழுத்து இழுத்துப் பெலப்படுத்தின. அடிய யாரு கவனிச்சா?” என்றார். பானைக்கு அவர் அடியைச் சக்கரத்தில் முடிப்பதே இல்லை. பாதி காய்ந்த பிறகு உள்ளே ஒரு வழுக்குக் கல்லைக் கொடுத்து, வெளியே தட்டுப்பலகையால் தட்டித் தட்டித்தான் அடியை உருட்டிக்கொண்டு வருவார். ஒவ்வொரு தட்டும் மண்ணை நெருக்குகிறது. சக்கரத்தில் சுவர் நெருங்கி நிற்கிறது, அடி மட்டும் தளர்ந்தே கிடக்கிறது. காயும்போது தளர்ந்தது அதிகமாகச் சுருங்கும், அங்கேதான் பிளக்கும்.

விடை தட்டுப்பலகையில் இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு கோப்பையின் அடியையும் கட்டைவிரல் மேட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துகிறேன். பாதி காய்ந்ததும் உள்ளங்கை அகலப் பலகையால் ஏழெட்டுத் தட்டு. விரிசல் நின்றது. தட்டின தடம் அடியில் லேசான முகங்களாக நிற்கும், அதை நான் தேய்த்து அழிப்பதில்லை.

உடல் நின்றது, தோல் வேண்டும். கிளேஸ் என்கிற மெருகு, கண்ணாடிப் பூச்சு. கடையில் பொடி வாங்கிக் கலக்கலாம், நானும் கொஞ்ச நாள் கலக்கினேன். எனக்கு அதில் ஒட்டுதல் வரவில்லை. ஒருநாள் அந்தக் கர்ச்சீப் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். ஏரி மண் உருகிக் கண்ணாடியானது என்றால், அதுதானே கிளேஸ்? உடலாக நிற்க முடியாதது தோலாகப் படரலாம். மண்ணை நீரில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி எடுத்தேன். இன்னும் நன்றாக உருகச் சாம்பல் வேண்டும், அதிலுள்ள சுண்ணாம்பு இந்தச் சூட்டில் நன்றாக வேலை செய்யும். எங்கள் தெரு முனையிலேயே சாயப்பட்டறை. பட்டின் பசையைப் போக்கவும் சாயம் ஏற்றவும் பெரிய கொப்பரைக்குக் கீழே சவுக்கு விறகு எரிந்துகொண்டே இருக்கும். சாயக்கார மாமா ஒரு சாக்குச் சாம்பலைக் கொடுத்துவிட்டு, “பாத்திரம் தேய்க்கவா?” என்றார். பாத்திரம் செய்ய என்றேன். அவர் சிரித்தார், பிறகு ஒவ்வொரு மாதமும் தானே சாக்கைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்.

சாம்பலை மூன்று நீரில் ஊறவைத்து மேல்நீரைக் கொட்ட வேண்டும். காரம் கையைத் தின்றுவிடும், முதல் தடவை உறை போடாமல் விட்டு ஒரு வாரம் சக்கரத்தில் உட்கார முடியாமல் போனது. ஏழு பங்கு ஏரி மண்ணுக்கு மூன்று பங்கு சாம்பல் போட்டால் புளித்த கருப்பட்டி நிறம், விளிம்பில் மட்டும் துருச்சிவப்பு. பாதிக்குப் பாதி போட்டால் கலங்கிய ஏரித்தண்ணீரின் மஞ்சள்பச்சை வரும், ஆனால் ஓடும், கவனிக்காவிட்டால் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். குறைந்த சூட்டில் பளபளப்புக் காட்டுவதற்கு ஒரு காலத்தில் ஈயத்தைச் சேர்ப்பார்கள். இந்தச் சூட்டில் அந்த நஞ்சே தேவையில்லை. சாயப்பட்டறைச் சாம்பலும் பெரியவரின் மண்ணும் சேர்ந்த அந்தக் கருப்பட்டி நிறத்தைத்தான் நான் விடாமல் போடுகிறேன். வேறு நிறம் கேட்பவர்களுக்கு வேறு நல்ல பட்டறைகள் உண்டு, முகவரி கொடுத்து அனுப்பிவிடுவேன்.

காஞ்சிபுரத்தில் மண்ணோடு வேலை செய்பவர்கள் எல்லாரும் ஏகாம்பரநாதரை ஒருமுறையாவது வேறுவிதமாகப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். இங்கே சிவன் பிருத்வி லிங்கம், மண்ணாலானவர். அம்பிகை மாமரத்தடியில் மணலைக் கூட்டி வழிபட்டாள், கம்பையாறு பெருகி வந்தது, கரைந்துபோகாமல் காக்க அவள் இறுகத் தழுவிக்கொண்டாள் என்பது தலபுராணம். திருமேனிக்கு நீரபிஷேகம் இல்லை, ஆவுடையாருக்குத்தான். அதே ஊரில், வரதராஜப் பெருமாள் கோயில் குளத்துக்குள் அத்திமரத்து வரதர் நாற்பது வருஷம் நீருக்குள் இருக்கிறார். 2019இல் அவர் வெளியே வந்தபோது ஊர் கொள்ளவில்லை. மரம் நீரில் இருக்கலாம், பச்சை மண் இருக்க முடியாது. இது தெரிந்த ஊர் இது.

ஏகாம்பரருக்குத் தழுவக் குழைந்தார் என்று ஒரு பெயர். குழைவது என்ற சொல்லை நான் ஒரு நாளில் நூறு முறை கையால் சொல்கிறேன். ஈரம் சரியாக இருந்தால் மண் குழையும். குறைந்தால் வெடிக்கும், கூடினால் சரியும். அம்பிகையின் கைக்கு அந்த மணல் எந்தப் பதத்தில் இருந்திருக்கும் என்று சன்னிதியில் நின்று யோசித்திருக்கிறேன். அது பக்தியில் சேருமா என்று தெரியாது. எனக்கு அதைவிடப் பெரிய கும்பிடு தெரியவில்லை.

காதுக்கு வருகிறேன். நம் மரபுப் பானையில் காது கிடையாது. குடத்தைக் கழுத்தில் பிடிக்கிறோம், கலயத்தை உள்ளங்கையில் ஏந்துகிறோம், சட்டியைத் துணியால் பற்றுகிறோம். டபராவும் டம்ளரும்கூட அப்படித்தான். அதனால் பெரியவரிடம் கேட்க எனக்கு வழியில்லை. புதுச்சேரிப் பட்டறையில் காதை இழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். கேரட் போல உருட்டிய மண்ணை இடது கையில் தொங்கப் பிடித்து, நனைந்த வலது கையால் மேலிருந்து கீழாக உருவ வேண்டும். மாட்டிடம் பால் கறக்கிற அதே அசைவு. உருவ உருவ மண்ணுக்குள் ஒரு நார்போக்கு வருகிறது, நீளவாக்கில் இழை ஓடுகிறது. வெட்டி ஒட்டின காதுக்கு அது வராது. பிறகு கோப்பையில் ஒட்ட வேண்டும். ஒட்டுகிற இரு இடத்தையும் முள்ளால் கீறி, அதே மண்ணின் கூழைத் தடவி, அழுத்திக் கொஞ்சம் அசைத்துவிட வேண்டும். அசைக்கும்போது ஒரு கணத்தில் அது அசைய மறுக்கும். கையை எடுத்துவிட வேண்டும்.

இவ்வளவையும் ஒரே வாரத்தில் கற்றுவிட்டேன். ஆனாலும் காதுகள் கழன்றன. சில காயும்போதே, சில முதல் சூட்டில், சில எல்லாச் சூட்டையும் தாண்டி வந்து தண்ணீர் ஊற்றியதும் மெல்லிய கோடு காட்டின. ஒட்டு நன்றாக இருந்தால் போதும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கோப்பை முந்தின நாள் வனைந்தது, அதன் ஈரம் ஓரளவு போயிருக்கும். காது அப்போதுதான் இழுத்தது, முழு ஈரம். இரண்டும் சுருங்குகிற அளவு வேறு. எங்கள் மண் பச்சையிலிருந்து சூட்டுவரை 12 சதவீதம் சுருங்கும், 11 சென்டிமீட்டர் உயரத்தில் வனைந்தது 9.7 ஆக வந்து நிற்கும். பாதி வழியில் இருக்கிற கோப்பையும் புறப்படவே இல்லாத காதும் கைகோத்தால் எவ்வளவு நேரம் பிடிக்கும்?

இதை எனக்குச் சொன்னது தறிதான். கோர்வையில் உடல் பாவு தளர்ந்து கரைப் பாவு விறைத்து நின்றால், எவ்வளவு ஒழுங்காகக் கொக்கி போட்டாலும் துணி சுருண்டுகொள்ளும். அப்பா நெய்ய உட்காருமுன் இரண்டு பாவின் இழுவையையும் விரலால் சுண்டிப் பார்ப்பார். சேர்மானத்துக்கு முன்னால் சமானம் வேண்டும். நானும் காதை இழுத்ததும் ஒட்டுவதை விட்டேன். பலகையில் வளைத்து வைத்து அது கோப்பையின் பதத்துக்கு வரும்வரை காத்திருக்கிறேன். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளுமை தெரியும். இரண்டின் குளுமையும் ஒன்றாக இருந்தால் ஒட்டலாம். ஒட்டிய பிறகு இரண்டு நாள் ஈரத் துணிக்கும் பாலிதீனுக்கும் அடியில் வைத்திருப்பேன், இரண்டும் ஒருவரிடமிருந்து ஒருவர் ஈரத்தை வாங்கிக்கொள்ளட்டும் என்று.

மாதத்துக்கு மாதம் கணக்கு மாறும். அக்னி நட்சத்திரத்தில் மேல்காற்று அடித்தால் மெல்லிய காது சில மணிநேரத்தில் வெளுத்துவிடும், உடல் அப்படியே இருக்கும். காதுக்கு மட்டும் ஈரக் கந்தலைச் சுற்றிவைப்பேன். தறியிலும் அதே மாதம் இழை அறுந்துகொண்டே இருக்கும், அப்பா தரையில் தண்ணீர் தெளிப்பார். ஐப்பசி அடைமழையில் கோப்பை பத்து நாளானாலும் காயாது. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட முடியாது, தறிக்குழியில் நீர் ஊறும். அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் இரண்டு தொழிலும் சேர்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இப்போது என் சூளை ஓரிக்கைப் பக்கம், ஊரைத் தாண்டி. முதல் சூட்டுக்கு 950 டிகிரி, மெருகில் முக்கியபின் இரண்டாம் சூட்டுக்கு 1280. இரண்டிலும் 573 டிகிரியை நான் பயத்தோடுதான் கடப்பேன். அங்கே மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று உருமாறி விரியும், இறங்கும்போது சட்டென்று சுருங்கும். அவசரப்பட்டால் நாலு மாத உழைப்பு ஒரு ‘டிக்’ சத்தத்தில் போய்விடும். இரவு முழுக்கப் பன்னிரண்டு, பதின்மூன்று மணிநேரம் கண்துளை வழியே பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே நிறம் சிவப்பிலிருந்து ஆரஞ்சாகி, மஞ்சளாகி, வெள்ளையை நெருங்கும்போது கோப்பைகள் தெரியாது, அவற்றின் மெருகு மட்டும் நனைந்ததுபோல் மினுங்கும். நிறுத்தியபின் ஒன்றரை நாள் தொடக்கூடாது. அந்த ஒன்றரை நாளில் நான் அப்பாவுக்குக் கோர்வை தள்ளுவேன். கை சும்மா இருந்தால் திறந்துவிடும்.

அப்பாவின் கோப்பை அப்படி வந்தது, ஏழாவது சூளையில். அடி அகலம், கருப்பட்டி நிறம், இரண்டு விரல் நுழைகிற காது. அந்த வட்டக் கறையில் வைத்தபோது கறையைவிட அரை அங்குலம் பெரிதாக இருந்தது. அப்பா தூக்கிப் பார்க்கவில்லை. முதலில் கட்டைவிரல் நகத்தைக் காது சேர்கிற இடத்தில் ஓட்டினார். மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை. பிறகுதான் டீயை ஊற்றச் சொன்னார்.

ஒன்பது வருஷம் அது தறியோரத்தில் இருந்தது. போன மாசிமாதம் தறியின் டிசைன் அட்டைக் கட்டு ஒன்றை இறக்கும்போது யாரோ இடறி, கோப்பை குழிக்குள் மிதிகட்டை மேல் விழுந்தது. நான் சக்கரத்திலிருந்து ஓடிவந்தேன். அப்பா குழிக்குள் குனிந்து எடுத்தார். காது போயிருந்தது. நடுவில் உடைந்து ஒரு துண்டு தனியே கிடந்தது. மேல் சேர்மானமும் கீழ்ச் சேர்மானமும் கோப்பையோடு அப்படியே, இரண்டு சின்ன மூக்குப் போல நின்றன.

“வேற செஞ்சு தர்றேம்ப்பா,” என்றேன்.

அவர் வெளிச்சத்துக்குத் திருப்பி அந்த இரண்டு மூக்கின் அடியிலும் நகத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். “கிழிஞ்சிருக்கு,” என்றார். “கோர்வை விடல.”

உடைந்த முனையைத் தேய்க்க உப்புத்தாள் கேட்டார். மறுநாள் காலை ஏழரைக்கு அம்மா அதிலேயே டீயைக் கொண்டுவந்து வைத்தார்.